டாக்டர் என்று சொல்லாத பட்டம்

வியாபாரத்தைக் கடையில் கற்பதா, கலாசாலையில் கற்பதா என்ற பழைய வழக்கே இன்னும் தீர்ந்தபாடில்லை. அப்படியிருக்க, அதில் டாக்டர் பட்டம் பெறவும் விண்ணப்பம் எழுதுவார்கள் என்று கேட்டிருந்தால், பேரேட்டோடு வளர்ந்த நம் பாட்டனார்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். அமெரிக்கச் சர்வகலாசாலைப் பண்டிதர்களும் ஆதியில் ஏறக்குறைய அதே அபிப்பிராயத்தில்தான் இருந்தார்கள். 1881-ல் நிக்கல் உலோகத்தில் பொருளீட்டிய ஜோசப் வார்ட்டனின் கொடையால் பென்சில்வேனியாவில் வணிகக் கல்விக்கூடம் எழுந்தபின்பும், அதற்குரிய டாக்டர் பட்டம் வர வெகுகாலம் பிடித்தது. 1920-ல் அத்தகைய பி.எச்டி. வகுப்பைத் தொடங்கிய சிகாகோ சர்வகலாசாலை, 1922-ல் முதற்பட்டத்தை வழங்கியது. ஹார்வர்டிலோ பி.எச்டி. வழங்கும் உரிமை கலை, விஞ்ஞானப் பிரிவினரின் கையில் இருந்தமையால், வணிகக் கல்விக்கூடத்தார் தம் மாணவர்க்கு டி.பி.ஏ. என்ற தனி டாக்டர் பட்டத்தையே நெடுங்காலம் அளித்து வந்தனர். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத் 1975-ல் பெற்றதும் அந்தப் பட்டமே.

1959-ல் கார்டன், ஹோவல் என்னும் இரு பொருளாதார அறிஞர் ஃபோர்டு ஸ்தாபனத்துக்காக எழுதிய அறிக்கை, வணிகக் கல்வியில் தொழிற்பயிற்சி மிகுந்து சாஸ்திரம் குன்றியிருப்பதாகக் கடிந்துகொண்டது. அதன்பின் கணிதமும் மனோதத்துவமும் கற்றவர்களை இக்கல்விக்கூடங்கள் விரும்பி அழைக்கத் தொடங்கின. வியாபாரத்தில் சம்பாதிக்க விழைபவனைவிட, வியாபாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே காலங்கழிக்கத் துணிபவனே இவ்வாசலில் தகுதியுடையவனானான் என்பது வேடிக்கைதான்.

நம் தேசத்தில் 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் நிறுவப்பெற்ற மேலாண்மைக் கழகங்கள் சர்வகலாசாலைகளாக அல்லாமல் பதிவுபெற்ற சங்கங்களாக இருந்தபடியால், பட்டம் என்ற சொல்லையே ஆள முடியாமல் பட்டயம் வழங்கி வந்தன. ஆகவே 1971-ல் ஆமதாபாத்தில் டாக்டர் தரத்து ஆராய்ச்சிக் கல்வியை ஆரம்பித்தபோது, அதை முடித்தவர்களுக்கு 'ஃபெலோ' என்ற பெயரே கிடைத்தது. விண்ணப்பதாரர் பட்ட பாடு மட்டும் சிறிதும் குறைந்ததில்லை: நுழைவுத் தேர்வின் மதிப்பெண், எந்தத் துறையில் எதை ஆராயப் போகிறோம் என்று விளக்கும் நோக்கக் கட்டுரை, தம்மை அறிந்த ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள், அதன்பின் நேர்முகம். அக்கடிதங்களின் உறை கண்ணிலேயே நிற்கிறது. ஆசிரியர் மடிப்பை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பமிட்டுத் தருவார். தன் தலையெழுத்தைத் தாங்கிய அவ்வுறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தும் ஓரெழுத்தும் தெரியாமல், அப்படியே தபாலில் சேர்த்துவிட்டு வரவேண்டியது மாணவன் பாடு.

இத்தனையும் தாண்டி இடம் பெற்றவனிடம், "முடித்தால் டாக்டர்தானே?" என்று வீட்டார் கேட்டால், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் ஒரு நீண்ட விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சர்வகலாசாலைகளின் சங்கம் அப்பட்டயத்தை டாக்டர் பட்டத்துக்கு ஒப்பானதென அங்கீகரித்திருந்தும், பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் எழுத்துகள் உரிமையாக வரவில்லை. பாராளுமன்றம் 2017-ல் இயற்றி, 2018 ஜனவரி 31-ல் அமலுக்கு வந்த சட்டம் இக்கழகங்களுக்குப் பட்டமளிக்கும் அதிகாரத்தை ஈந்தது. பிற்பாடு விண்ணப்பித்தவர்கள் பி.எச்டி. என்றே எழுதினார்கள். அதற்கு முன் தேறியவர்களின் வீட்டுச் சுவரில் தொங்கும் பத்திரத்தில் மட்டும் 'ஃபெலோ' என்ற அந்த ஒற்றைச் சொல் இருக்கிறது.