பெயரும் தொகையும்

தம் முன்னோர் இந்நாட்டில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று ஆராயும் ஆவல் நம்மவரிடையே வளர்ந்து வருகிறது. குலப்பெருமை பேசுதற்கன்றி, உழைத்தவரை அறிதற்கு இது பயன்படுமாயின் நாம் மனமார வரவேற்கிறோம். இதற்குத் துணையாவன பழைய டைரக்டரிகளும் ஜனக்கணக்கு அறிக்கைகளுமாம்.

ஆண்டுதோறும் வெளிவந்த டைரக்டரிகளில் அரசாங்க இலாகாக்கள், வர்த்தக நிலையங்கள், தோட்டங்கள் ஆகியவற்றின் உத்தியோகஸ்தர் பெயர்கள் காணப்படும். அவற்றுட் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் கணினி வழியே எவரும் படிக்குமாறு செய்துள்ளது. பாட்டனார் கிராணியாக இருந்திருப்பின் அவர் பெயர் அங்கே அகப்படலாம். ஆனால் தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. முதலெழுத்துத் தந்தையைக் குறிப்பது. ஆங்கில முறையில் அடுக்கியோர் இதனை அறியாது மயங்கியதுண்டு. ஆகவே, தந்தை பெயரின் கீழும், ஆங்கில எழுத்துக்கூட்டலின் பலவகையிலும் தேடுதல் வேண்டும்.

ஜனக்கணக்கோ பெயர் கூறுவதன்று, தொகை கூறுவது. 1871ஆம் ஆண்டு ஜலசந்திக் குடியேற்ற நாடுகளின் கணக்கு நம்மைக் 'கிளிங்' என்று வகுத்தது. 1881ஆம் ஆண்டுக் கணக்கிலேயே 'தமிழர்' என்னும் பெயர் இடம்பெற்றது. இழிவாக வழங்கிய சொல்லாயினும், பழைய ஏடுகளைத் தேடுவோர் அதனையும் அறிந்திருத்தல் அவசியம்.

டைரக்டரி தோட்டத் துரையின் பெயரைச் சொல்லும். ஜனக்கணக்கு தொழிலாளரின் தொகையைச் சொல்லும். பால்மரம் வெட்டியவர் பெயரை இரண்டும் சொல்லா. 1931இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தனர். 1947இல் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைந்தனர். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் வேறு ஜனக்கணக்கு எடுக்கப்படவில்லை. ரப்பர் விலை வீழ்ச்சியால் ஊர் திரும்பினோர், 1938இல் இந்திய அரசாங்கம் விதித்த தடையால் வாராது நின்றோர், 1942-43இல் சயாம்-பர்மா ரயில்பாதையில் மாண்ட பல்லாயிரவர் ஆகிய அனைவரும் அத்தொகைக் குறைவினுள் அடங்கினர். மாண்டவருள் எத்துணைப் பேருக்குப் பெயர் எழுதப்பட்டது?

ஆதலின் அச்சிட்ட ஏடுகளோடு அமைதல் போதாது. பிறப்பு இறப்புப் பத்திரங்கள், தோட்டப் பள்ளிப் பதிவேடுகள், இடுகாட்டுக் கற்கள் ஆகியவற்றையும் நாடுதல் வேண்டும். யாவற்றினும் முந்தியது, வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதுதலேயாம். தந்தைவழி மட்டும் எழுதி நிறுத்தற்க! பாட்டியின் பெயரும், அவர் பிறந்த ஊரும், உழைத்த தோட்டமும் எழுதப்படல் வேண்டும். சர்க்கார் எழுதாது விட்டதை நாமும் எழுதாது விடின், நம் பேரர்க்குத் தொகை மட்டுமே எஞ்சும்.