ஆற்றின் ஏற்றமும் இறக்கமும்

மாதச் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தால் ஒரு வீட்டின் பாடு தெரிந்துவிடுமா? எந்த நாளில் அரிசிப் பானை காலி என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும். ஆறும் அப்படியே.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், லீஸ் பெர்ரி என்னுமிடத்தில் 1921ஆம் ஆண்டு முதல் நீரை அளந்து வருகின்றனர். ஆற்றின் குறுக்குப் பரப்பை ஓட்டத்தின் வேகத்தால் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் போகிறது என்பது கிடைக்கும். 1922இல் ஏழு மாநிலங்கள் நீரைப் பங்கிட்டபோது ஆண்டு மொத்தமே பேச்சாக இருந்தது. மீனையும் பூச்சியையும் எவரும் எண்ணவில்லை.

1963இல், அதற்குச் சற்று மேலே கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கிற்று. பனியுருகி வரும் பெருவெள்ளம் அடங்கியது. மின்சாரத் தேவையை ஒட்டி நீரைத் திறந்ததால், ஆறு நாள்தோறும் ஏறி இறங்கலாயிற்று. ஆண்டு மொத்தத்தில் இது புலப்படாது. மணிக்கு மணி குறித்த அளவுகளே காட்டும்.

அங்குள்ள பூச்சிகள் பல, நீர் விளிம்பிலுள்ள கற்களில் முட்டையிடுகின்றன. மட்டம் இறங்கினால் முட்டைகள் காய்ந்துபோகும். பிறகு மீனுக்கு இரை ஏது? ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு சொன்னபின், 2018ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்டு வரை, மின்தேவை குறைந்த சனி ஞாயிறுகளில் நீரைத் தாழ்வாகவும் ஒரே சீராகவும் விட்டனர். அந்தத் தாழ்ந்த விளிம்பில் இட்ட முட்டைகள், திங்களன்று நீர் ஏறியபோது நீருக்கடியில் நனைந்தே கிடந்தன.