காதுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் ஓர் அபாய அறிவிப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1974 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜென்டெக்ஸ் நிறுவனம், முதலில் ஒளிமின் புகை உணரிகளையே தயாரித்தது. பின்னர் தீ அபாயத்தை அறிவிக்கும் ஒலிப்பான்களும் மின்னும் விளக்குகளும் அதன் தயாரிப்பில் சேர்ந்தன.

விளக்கு, காது கேளாதோருக்கானது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பொதுக் கட்டடங்களில் அதனைப் பரவலாக்கியது. அது செக்கனுக்கு ஒன்று முதல் இரண்டு தடவை மின்னும். அருகருகே உள்ள விளக்குகள் வெவ்வேறு கணத்தில் மின்னினால், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் பாதிக்கப்படலாம். அதனால் எல்லாம் ஒரே கணத்தில் மின்னும்படி இணைக்கப்படுகின்றன.

ஒலியும் மாறியது. அரைச் செக்கன் நீளமான மூன்று ஒலிகள், பின் ஒன்றரைச் செக்கன் மௌனம்: 'வெளியேறுங்கள்' என்பதே இதன் பொருள். உறக்கத்தில் இருக்கும் செவிப்புலன் குறைந்தவர்களை, 3,000 ஹேர்ட்ஸ் அளவிலான கீச்சொலியை விட 520 ஹேர்ட்ஸ் தாழ்ந்த ஒலியே நன்கு எழுப்புகிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தது.

செல் வீச்சில் காது கேளாமற்போனவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். மணி மட்டும் உள்ள கட்டடம் அவர்களுக்குப் பாதுகாப்பானதல்ல. செய்தி சேகரிக்கச் செல்லும் பொதுக் கட்டடங்களில், மணிக்குப் பக்கத்தில் விளக்கு இருக்கிறதா என்று நான் பார்ப்பதுண்டு. புதிதாகக் கட்டுவோரிடம் நாம் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி அது.