ஏட்டில் ஏறாத கால்கள்

மரக்காணம் உப்பளத்தில் என் அத்தைக்கு முப்பது வருசம். உப்புத்தண்ணியில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு, ஆறாத புண். நஷ்டஈடு மனு எழுத உட்கார்ந்தேன். “யாருகிட்ட வேல பாத்தேன்னு எழுதுவ? மேஸ்திரி கூப்ட்டான், போனேன்” என்றது அத்தை.

1923ஆம் வருட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோயையும் வேலைக் காயமாகவே ஏற்றது. ஆனால் தோல் நோய் போன்றவற்றுக்கு ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து உழைத்திருக்க வேண்டும் என்றது. மழை பெய்தால் அளம் மூடும். கூலிக்குச் சீட்டு கிடையாது. ஆறு மாதத்தை எதைக் காட்டி நிரூபிப்பது?

கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைத் தொட்டது. தொழிலாளியின் உடல்நலம், 21ஆவது பிரிவின் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரச் சொன்னது. உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்து 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்கச் சொன்னது. கல்நார்த் தூசு நுரையீரலில் பல பத்தாண்டு பதுங்கியிருந்துதான் நோயாக வெளிவரும். ஏடு அழிந்தால் குற்றமும் அழிந்துபோகும்.

அளத்தில் அழிக்கவும் ஏடில்லை. ஆகவே தோழர்களே, மனுவுக்கு முன்னால் ஒரு நோட்டு போடுவோம்: பேர், அளம், தேதி, கூலி, புண். நம்ம சரித்திரத்தை அதிலிருந்து எழுதுவோம்.