தொட்ட கை, கீழ்ப்படிந்த கால்: புனித தமியான் காட்டும் பாடம்



புனிதர்களின் விழாவைத் திருச்சபை பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில் கொண்டாடுகிறது. அதுவே அவர்களுக்கு விண்ணகப் பிறந்த நாள். தொழுநோயாளரின் அப்போஸ்தலர் என்று நாம் அழைக்கும் புனித தமியான் இறந்தது ஏப்ரல் 15. ஆனால் அவருடைய விழா மே 10. அது அவர் மொலோக்காய் தீவின் தொழுநோயாளர் குடியிருப்பில் கால் வைத்த நாள். அந்தக் கரையில் இறங்கியபோதே அவர் தம் உயிரைக் கொடுத்துவிட்டார் என்று திருச்சபை நமக்குச் சொல்வதுபோல் இருக்கிறது. இந்த மனிதரின் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்போம். இரக்கம், கீழ்ப்படிதல் என்ற இரண்டு சொற்களை நாம் கோவிலில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டும் ஒரே வாழ்வில் சேர்ந்து இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வில் பதில் இருக்கிறது.

முதலில் நற்செய்திக்குப் போவோம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளர் இயேசுவின் முன் முழந்தாள்படியிடுகிறார். இயேசு அவர்மேல் பரிவு கொண்டு, கையை நீட்டித் தொடுகிறார். ஒரு சொல்லாலேயே குணமாக்கக்கூடியவர் ஏன் தொட்டார்? பல ஆண்டுகளாக எவரும் தொடாத உடல் அது. மருந்துக்கு முன்பு அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது ஒரு கை. இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அடுத்த வரியைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தொட்ட உடனே இயேசு அவரிடம், இதை யாருக்கும் சொல்ல வேண்டாம், குருவிடம் போய் உம்மைக் காட்டும், மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தும் என்கிறார். இரக்கம் காட்டிய அதே வாய் கீழ்ப்படிதலையும் கேட்கிறது. அந்த மனிதரோ மகிழ்ச்சி மிகுதியில் எல்லா இடத்திலும் சொல்லிவிடுகிறார். விளைவு என்ன? இயேசு ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்குகிறார். ஊருக்கு வெளியே இருந்த தொழுநோயாளர் உள்ளே வந்துவிட்டார். உள்ளே இருந்த இயேசு வெளியே போய்விட்டார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

இந்த இடமாற்றத்தைத் தம் உடலிலேயே வாழ்ந்து காட்டியவர் தமியான்.

அவருடைய இயற்பெயர் யோசேப்பு தெ வூஸ்தர். 1840ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்ற சிற்றூரில் தானிய வணிகம் செய்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். அவருடைய அண்ணன் பாம்பில், இயேசு மரி திரு இருதயங்களின் சபையில் சேர்ந்திருந்தார். தம்பியும் அதே சபையில் சேர்ந்தார். 1860இல் அவர் வார்த்தைப்பாடு கொடுத்த நாளில், சபை வழக்கப்படி, இறந்தவர்மேல் விரிக்கும் போர்வையை அவர்மேல் விரித்தார்கள். உலகிற்கு நீ இறந்துவிட்டாய் என்பது அதன் பொருள். அந்தப் போர்வையை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1863இல் ஹவாய்த் தீவுகளுக்கு மறைப்பணிக்குச் செல்ல வேண்டிய அண்ணன் காய்ச்சலில் படுத்தார். தம்பி, தம்முடைய இல்லத் தலைவரைக் கேட்காமல், நேரடியாகப் பாரிசில் இருந்த சபைத் தலைவருக்கு மடல் எழுதி, அண்ணனுக்குப் பதிலாக என்னை அனுப்புங்கள் என்று கேட்டார். அனுமதி வந்தது. கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்ல வந்தவர் தொடக்கத்திலேயே இல்லத் தலைவரைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று நாம் புன்னகைக்கலாம். ஆம், தமியான் பிடிவாதக்காரர். கோபக்காரர். பொறுமை இல்லாதவர் என்று உடன் உழைத்தவர்களே குறைபட்டிருக்கிறார்கள். கீழ்ப்படிதல் என்பது சாதுவான சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கும் நமக்கு இது ஆறுதல். அவருக்கு அது பிறவிக் குணம் அல்ல. வலியோடு கற்றுக்கொண்ட பாடம். இறைமகனே தாம் பட்ட துன்பங்கள் வழியாகக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரேயர் மடல் சொல்லவில்லையா?

1864 மார்ச் 19ஆம் நாள், புனித யோசேப்பு பெருவிழாவன்று, அவர் ஹொனலுலு வந்து சேர்ந்தார். மே 21இல் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் பெரிய தீவில் மலையேறி, காடு கடந்து பங்குப்பணி செய்தார்.

அந்த ஆண்டுகளில் தொழுநோய் ஹவாய் மக்களிடையே பரவிக்கொண்டிருந்தது. 1865இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. நோய் கண்டவர்கள் பிடித்துச் செல்லப்பட்டு மொலோக்காய் தீவின் வடகரையில் ஒரு முனையில் விடப்பட வேண்டும். மூன்று பக்கம் கடல். நான்காம் பக்கம் செங்குத்தான மலைச்சுவர். 1866 சனவரியில் முதல் நோயாளர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள். தாங்களே பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசு எண்ணியது. விரல் இழந்தவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நோய் பரவாமல் தடுக்க வேண்டும் என்ற சட்டத்தின் நோக்கத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கீழ்ப்படிந்து நடத்தியவர்களிடம் இரக்கம் குறைவாக இருந்தது. இரக்கம் இல்லாத கீழ்ப்படிதல் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் கரையே சாட்சி.

தமியான் வருவதற்கு முன்பே அங்கே அன்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோய் இல்லாத கணவர்களும் மனைவியரும் உறவினரும் தங்கள் நோயாளரைப் பிரிய மனம் இல்லாமல் தாங்களாகவே கூடப் போனார்கள். அவர்களில் பலருடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கடவுளுக்குத் தெரியும்.

1873 மே மாதம். மௌயி தீவில் ஒரு புதிய கோவிலின் அர்ச்சிப்புக்குக் கூடியிருந்த குருக்களிடம் ஆயர் மெக்ரே மொலோக்காய் பற்றிப் பேசினார். அங்கே போகும்படி எவருக்கும் கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு குருக்கள் முன்வந்தார்கள். முறைவைத்து ஒருவர் பின் ஒருவராகச் சென்று வரலாம் என்று பேசினார்கள். முதலில் போனவர் தமியான். மே 10ஆம் நாள் கால்நடைகளோடும் நோயாளர்களோடும் ஒரு கப்பலில் போய் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. அங்கிருந்த புனித பிலோமினா சிற்றாலயத்தின் அருகே ஒரு தாழை மரத்தடியில் முதல் இரவுகளைக் கழித்தார். சில நாள்களிலேயே, நான் இங்கேயே தங்கிவிட அனுமதி வேண்டும் என்று தலைவருக்கு எழுதினார்.

அவர் கல்லால் செய்யப்பட்டவர் அல்லர். நோயாளரின் வீடுகளில் குருப்பணி செய்தபோது புண்களின் நாற்றம் தாங்க முடியாமல் வெளியே ஓடிப்போய்க் காற்று வாங்கியதைத் தாமே எழுதியிருக்கிறார். அந்த நாற்றத்தை மறைக்கவே புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார். ஆனால் திரும்பவும் உள்ளே வந்தார். புண்களுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் உண்ட பாத்திரத்திலிருந்தே உண்டார். நல்வாழ்வு வாரியத்திடம் கேட்டுக் குழாய்கள் பெற்று, மக்களோடு சேர்ந்து தண்ணீர் கொண்டுவந்தார். தச்சு வேலை தெரிந்தவர் ஆதலால் வீடுகள் கட்டினார், கோவிலைப் பெரிதாக்கினார், சவப்பெட்டிகள் செய்தார், குழிகளும் வெட்டினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். மறையுரையில் 'என் சகோதரரே' என்று சொல்வதை விட்டு, 'தொழுநோயாளர்களாகிய நாம்' என்று பேசினார். நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே!

இனி, நாம் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி. அவர் சென்ற அதே ஆண்டில், குடியிருப்புக்குள் நுழைந்தவர் வெளியே வரக் கூடாது என்று நல்வாழ்வு வாரியம் அவருக்கும் தடை விதித்தது. ஒரு குருவுக்கு மற்றொரு குருவிடம்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும். சில மாதங்கள் கழித்து அவருடைய சபைத் தலைவர் ஒரு கப்பலில் வந்தார். கரையில் இறங்கக் கப்பல் தலைவர் அவரை விடவில்லை. தமியான் சிறு படகில் கப்பல் அருகே வந்தார், ஏறவும் விடவில்லை. அவர் என்ன செய்தார்? படகில் நின்றபடியே, மேலே கப்பலின் ஓரத்தில் நின்ற தலைவரை நோக்கி, தம் பாவங்களை உரத்த குரலில் அறிக்கையிட்டார். கீழிருந்து மேல்நோக்கிப் பாவ அறிக்கை. மேலிருந்து கீழ்நோக்கிப் பாவ மன்னிப்பு.

அன்பர்களே, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரைக்குப் பின்னால் மெல்லிய குரலில் சொல்லவே நாம் தயங்குகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறோம். அந்த மனிதர் நோயாளருக்காகத் தம்மையே கொடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நற்செயல் செய்கிறேனே, எனக்குப் பாவசங்கீர்த்தனம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தம் இரக்கம் தம்மை மீட்காது என்று அவர் அறிந்திருந்தார். தமக்கும் இரக்கம் தேவைப்பட்டது. அதைத் திருச்சபையின் கையிலிருந்து, திருச்சபை தரும் முறையில் பெற்றுக்கொள்ள, மானத்தையும் விட்டுக்கொடுத்தார்.

1884 டிசம்பரில் ஒரு நாள் கொதிக்கும் வெந்நீரில் கால் வைத்தார். தோல் வெந்தது, வலி தெரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அதன் பின்னர், ஹொனலுலு வர விரும்பியபோது, மேலிடத்திலிருந்து மிகக் கடுமையான மறுப்பு மடல் வந்தது. சிறு வயது முதல் பட்ட எந்தத் துன்பத்தையும்விட அந்த மடலின் தொனி தம்மை அதிகம் புண்படுத்தியதாக அவர் பதில் எழுதினார். வலியை மறைக்கவில்லை, ஆனால் பணிந்தார். கீழ்ப்படிதல் என்றால் வாயை மூடிக்கொள்வது அல்ல என்பதையும் இங்கே காண்கிறோம். குருத்துவத் திருநிலைப்பாட்டின்போது ஆயரின் கைகளுக்குள் கைகளை வைத்துக் கீழ்ப்படிதலை வாக்களித்த அருள்பணியாளர்களாகிய நாங்களும், குடும்பத்திலும் வேலையிலும் பெரியவர்களுக்குப் பணிந்து நடக்கும் நீங்களும், சில நேரங்களில் அந்த மடலைப் பெற்றிருப்போம். வேறு சில நேரங்களில், அதிகாரம் கையில் இருக்கும்போது, நாமே அந்த மடலை எழுதியும் இருப்போம். அதைத்தான் அதிகம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1886 சூலையில் சில நாள் சிகிச்சைக்காகத் தலைநகர் சென்று திரும்பினார். அதே மாதம் ஜோசப் டட்டன் என்ற பொதுநிலையினர் உதவிக்கு வந்தார். 1931இல் இறக்கும்வரை அந்தப் பணியை விடவில்லை. 1888 நவம்பரில் அன்னை மரியான் கோப் இரண்டு சகோதரிகளோடு வந்தார். அவரையும் 2012இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. நற்கருணை ஆண்டவரின் துணை இல்லாதிருந்தால் தம்மால் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்று எழுதிய தமியான், 1889 ஏப்ரல் 15ஆம் நாள், புனித வாரத் திங்கட்கிழமை, 49ஆம் வயதில் கண் மூடினார். முதல் இரவுகளில் படுத்திருந்த அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார். 2009 அக்டோபர் 11இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்தத் தனிமைப்படுத்தும் சட்டம் 1969இல்தான் முடிவுக்கு வந்தது. நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். இன்று தொழுநோய்க்கு முழுமையான மருந்து உண்டு. நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மொலோக்காய் முடிந்துவிடவில்லை. நம் வீட்டின் பின்கட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர், ஆறாத சர்க்கரைப் புண்ணோடு யார் பக்கத்திலும் அமரக் கூசும் அண்டை வீட்டார், மனநலம் குன்றியதால் விசேஷ வீடுகளுக்கு அழைக்கப்படாத பிள்ளை, திருப்பலி முடியுமுன்பே தலைகுனிந்து வெளியேறும் கடைசி வரிசைக்காரர்: இவர்களும் கடலும் மலையும் சூழ்ந்த கரையில்தான் இருக்கிறார்கள். அந்தக் கடலை வெட்டியது நாம்.

இரக்கம் முதல் நாள் எளிது. கண்ணீர் வரும், பணமும் வரும். நாற்பதாம் நாள், அதே புண்ணைக் கழுவ, அதே புலம்பலைக் கேட்க, அதே நேரத்தில் எழுந்து மருந்து கொடுக்க உணர்ச்சி மட்டும் போதாது. அங்கே நம்மைத் தாங்குவது கீழ்ப்படிதல். கடவுள் இந்த மனிதரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார், ஆகவே போகிறேன் என்ற பணிவு. அதேபோல, கடமை என்று மட்டும் செய்யும் பணியில் கை குளிர்ந்துவிடும். அதைச் சூடாக்குவது இரக்கம்.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். நாம் தவிர்த்து வரும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். நம் பங்கின் வின்சென்ட் தே பால் சபையினர் போவார்கள் என்று விட்டுவிடாமல், நாமே போய்ப் பக்கத்தில் அமர்ந்து அவர் கையைப் பிடிப்போம். போவதற்கு முன்போ பின்போ, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாள்படியிடுவோம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறைவு அடைய வேண்டாம்.

அன்பு ஆண்டவரே, தொழுநோயாளரைத் தொட்ட உம் கையை எங்களுக்குத் தாரும். கல்வாரிவரை நடந்த உம் காலையும் எங்களுக்குத் தாரும். புனித தமியானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.