மத்தேயு துறவியின் கோட்டோவியங்களும் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் தோற்றமும்

மலையாளக் கரையின் மரஞ்செடிகொடிகளை 12 தொகுதிகளில் விவரிக்கும் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் இலத்தீன் நூல், 1678 முதல் 1693 வரையிலான காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. ‘மலபார்த் தோட்டம்’ என்பது அத்தலைப்பின் பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக 1670 முதல் 1677 வரை கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடின் பெயரால் அந்நூல் வழங்கிவந்தாலும், அதற்கான முதல் முயற்சி புனித யோசேப்பின் மத்தேயு என்னும் இத்தாலியத் துறவியிடமிருந்தே தொடங்குகிறது. அவருடைய வரைவுகள் எவ்வாறு உருவாயின, அவை ஏன் விலக்கப்பட்டன, அவற்றின் இடத்தில் அமைந்த ஆய்வு முறை எத்தகையது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பியேத்ரோ போலியா என்னும் இயற்பெயர் கொண்ட மத்தேயு, தென் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள மார்ச்சியனீசே என்னும் ஊரினர். மருத்துவம் பயின்ற பின் கார்மல் சபையின் சீர்திருத்தப் பிரிவில் சேர்ந்து துறவு பூண்ட அவர், பாலஸ்தீனத்தின் கார்மல் மலையிலும் பாரசீக வளைகுடாவை ஒட்டிய பாஸ்ராவிலும் பணியாற்றியபோது, சென்ற இடமெல்லாம் செடிகளைத் தேடி வரைந்து, அவற்றின் மருத்துவக் குணங்களைக் குறித்துவைத்தார். இத்தொகுப்பே ‘விரிடாரியும் ஓரியென்டாலே’, அதாவது ‘கீழைத் தோட்டம்’ எனப் பெயர்பெற்றது. அவர் அனுப்பிய செய்திகளுள் ஒரு பகுதி, பொலோஞா தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளரான ஜாக்கோமோ ஸனோனி 1675இல் வெளியிட்ட தாவர நூலில் இடம்பெற்றது.

அவரை மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தது தாவர ஆர்வமன்று. மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த ஒரு சமயப் பூசலின் பின்விளைவே அது. போர்த்துக்கீசியச் சபைத் தலைமைக்கு இனிப் பணிவதில்லை என்று தோமா கிறித்தவர்கள் 1653 சனவரியில் கூனன் குருசு என்னும் சிலுவையின் முன் சூளுரைத்தனர். அப்பிளவை ஆற்றுவதற்காக உரோம் ஜுசெப்பே செபஸ்தியானியின் தலைமையில் கார்மல் துறவியரை அனுப்ப, மத்தேயுவும் அவருடன் வந்தார். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றியபோதிலும், பின்னர் மத்தேயு வான் ரீடின் நட்பைப் பெற்றார். 1673இல் சாத்தியாத்திலும் வராப்புழையிலும் கார்மல் சபையினரின் கோயில்கள் எழுந்தன.

மத்தேயு இறகுப் பேனாவால் மலபார்ச் செடிகளைக் கோட்டோவியங்களாகத் தீட்ட, டச்சுப் போதகர் யோகான்னஸ் காசேரியுஸ் இலத்தீன் விளக்கம் எழுதினார். ஆயினும் விரைந்து இழுத்த அக்கோடுகள் இலை, பூ, காய் ஆகியவற்றின் நுட்பங்களைக் காட்டப் போதாமையால், வான் ரீட் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்த ஓவியர்களை அமர்த்தினார். விளக்கங்களுக்கும் உள்ளூர் மருத்துவர்களை நாடினார்.

இம்மாற்றத்தோடு ஆய்வின் அடிப்படையே வேறாயிற்று. சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தம் குடும்பத்து ஏட்டுச்சுவடியையும் பட்டறிவையும் கொண்டு மலையாளத்தில் சொல்லச்சொல்ல, இம்மானுவேல் கர்னெய்ரோ அதனை எழுதிப் போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தார். அங்கிருந்து அது இலத்தீனாயிற்று. கொங்கணி பிராமண வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் தங்கள் நிகண்டின் துணையோடு இரண்டாண்டுகள் காலையும் மாலையும் உழைத்தனர். போர்த்துக்கீசியரின் கெடுபிடிக்குத் தப்பிக் கோவாவிலிருந்து வந்து, மட்டாஞ்சேரிச் செருளாயியில் திருமலைக் கோயிலைச் சூழ வேரூன்றிய சமூகம் அவர்களுடையது. அவர்கள் நாகரி எழுத்திலும், அச்சுதன் வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்திலும் 1675 ஏப்ரல் 20 அன்று அளித்த சான்றுரைகள் முதல் தொகுதியின் முகப்பில் அச்சிடப்பட்டுள்ளன.

இக்கூட்டுழைப்பின் தடத்தை ஓவியத் தகடுகளிலேயே காணலாம். முதல் தொகுதியின் தொடக்கத்தில் வரும் ‘தெங்க’, அதாவது தென்னை, இலத்தீன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துகளில் பெயர் தாங்கி நிற்கிறது. இவ்வாறு பதிவான உள்ளூர்ப் பெயர்கள் பிற்கால அறிவியலுக்குள்ளும் புகுந்தன: தமிழர் அழிஞ்சில் என வழங்கும் மரத்தின் ‘அங்கோலம்’ என்ற பெயர் ‘அலாஞ்சியம்’ என்னும் பேரினப் பெயராயிற்று, ‘மணில்காரா’ என்னும் பேரினப் பெயரும் இந்நூலிலிருந்து எடுக்கப்பட்டதே. தாவரங்களை இரட்டைப் பெயரால் வகைப்படுத்திய லின்னேயுஸ் இந்நூலை முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார். கா. சு. மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

மத்தேயு சிந்து நாட்டின் தட்டாவில் 1691இல் காலமானார்; வான் ரீடும் அதே ஆண்டு திசம்பரில், பம்பாய்க்கு அப்பால் கடற்பயணத்தின்போது இறந்தார். பல நாடுகளில் அலைந்து ஒருவர் தனியே கண்டு திரட்டிய ‘கீழைத் தோட்டம்’, ஓரிடத்தில் பலர் கூடி, ஒருவர் சொல்லை மற்றவர் ஒப்பிட்டுச் சரிபார்த்த ‘மலபார்த் தோட்ட’த்திற்கு வழிவிட்டது. அம்முதல் வரைவின் குறைகள் கண்முன் இருந்தமையாலேயே வான் ரீட் வைத்தியர்களின் ஏட்டையும் நிகண்டையும் தேடிச் சென்றார் என்பதால், நூலின் உருவாக்கத்தில் மத்தேயுவின் பங்கை அதன் ஏடுகளுக்குள் மட்டும் தேடி அளவிடுதல் பொருந்தாது.