இடமும் அறிவும் நிரூபணமும்: போதைப்பொருள் தயாரிப்பு வழக்குகளில் எதிர்வாதத்தின் வளர்ச்சி (1985–2025)

முன்னுரை

போதைப்பொருளைக் கடத்தியவர் மீதான வழக்கும் அதைத் தயாரித்தவர் மீதான வழக்கும் இந்தியாவில் ஒரே சட்டத்தின்கீழ்தான் நடக்கின்றன. ஆனால் நிரூபிக்க வேண்டியவை வேறு வேறு. கடத்தல் வழக்கில் சரக்கு பெரும்பாலும் ஒருவரின் பையிலோ வண்டியிலோ பிடிபடுகிறது. தயாரிப்பு வழக்கில் பிடிபடுவது ஓர் இடம். அங்கே என்ன நடக்கிறது என்பதை யார் அறிந்திருந்தார் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 1985-இல் வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் (என்.டி.பி.எஸ்.) சட்டத்தின் நாற்பது ஆண்டு வரலாற்றில் இவ்வழக்குகளின் எதிர்வாதம் எப்படி உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தண்டனை கடுமையாக இருப்பதாலேயே நிரூபணமும் நடைமுறையும் பழுதின்றி இருக்க வேண்டும் என்ற கொள்கையே இவ்வளர்ச்சியின் அடிநாதம் என்பது இதன் வாதம்.

சட்டம் இறுகிய காலம்

1930-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ பெரும்பாலான கடும் குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு என்றது. ‘தயாரிப்பு’ என்பதற்கும் அது விரிந்த பொருள் தந்தது. போதைப்பொருளைப் பெற உதவும் செயல்முறைகள், சுத்திகரித்தல், உருமாற்றுதல், மருந்துக் கலவை செய்தல் அனைத்தும் அதில் அடங்கின.

1989 திருத்தம் மேலும் இறுக்கியது. ஜாமீன் வேண்டுவோர் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டென நீதிமன்றம் கருத வேண்டும் என்ற நிபந்தனை 37-ஆம் பிரிவில் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தயாரித்து இரண்டாம் முறை தண்டனை பெறுவோருக்கு 31ஏ பிரிவு மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது. 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கி, தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விட்டது. 2014-இல் நாடாளுமன்றமும் அவ்வாறே திருத்தியது.

அனுமானத்தின் சுமை

தயாரிப்பு வழக்கில் எதிரிக்கு மிகப் பெரிய தடை 54-ஆம் பிரிவு. போதைப்பொருள் தயாரிப்பதற்கெனவே வடிவமைத்த கருவியோ, அதற்கெனத் தகவமைத்த பாத்திரத் தொகுதியோ, தயாரிப்பில் பாதி கடந்த மூலப்பொருளோ, எஞ்சிய கசடோ ஒருவர் வசம் இருந்து, அவர் அதற்குத் திருப்தியான விளக்கம் தரவில்லை என்றால் குற்றம் செய்தவராகவே அனுமானிக்கலாம். 35-ஆம் பிரிவு குற்ற மனத்தையும் அனுமானிக்கச் சொல்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு வாடகை ஷெட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே ரியாக்டர், உலர்த்தும் இயந்திரம், பேரல்களில் கரைப்பான். இவை சாயத் தொழிலிலும் மருந்துத் தொழிலிலும் அன்றாடம் புழங்குபவை. ஆகவே குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி, அக்கருவி ‘அதற்கெனவே’ அமைந்ததா என்பது. அடுத்த கேள்வி, அது யார் வசம் இருந்தது என்பது. இடத்தின் உரிமையாளரை 25-ஆம் பிரிவின்கீழ் தண்டிக்க, அவர் ‘அறிந்தே’ அனுமதித்தார் என்பது நிறுவப்பட வேண்டும். கூலிக்கு வந்த தொழிலாளியிடம் அந்த இடத்தின் கட்டுப்பாடு இருந்ததா என்பதும் தனித்து ஆராயத்தக்கது.

நூர் ஆகா எதிர் பஞ்சாப் அரசு (2008) வழக்கில் உச்ச நீதிமன்றம் 35, 54 ஆகிய இரு பிரிவுகளும் அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. ஆயினும் அடிப்படை உண்மைகளை ஐயத்துக்கு இடமின்றி முதலில் அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும், அதன் பிறகே சுமை எதிரிக்கு மாறும் என்று வரையறுத்தது. அது அமிர்தசரஸ் விமான நிலையத்தில் ஹெராயின் பிடிபட்ட வழக்கு. எனினும் தயாரிப்பு வழக்குகளின் எதிர்வாதத்துக்கு அதுவே அடித்தளம்.

வாக்குமூலத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

நீண்ட காலம் இவ்வழக்குகளின் முதுகெலும்பாக நின்றது, 67-ஆம் பிரிவின்கீழ் அதிகாரிகள் பதிவுசெய்த வாக்குமூலம். போலீசாரிடம் தரும் ஒப்புதல் சாட்சியமாகாது. ஆனால் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் போலீசார் அல்லர் என்று ராஜ்குமார் கர்வால் (1990) தீர்ப்பு கூறியது. அத்தகைய வாக்குமூலத்தைக் கொண்டே தண்டிக்கலாம் என்றது கன்னையாலால் (2008) தீர்ப்பு.

இந்த நிலையைத் தகர்த்தது தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2013-இல் ஐயம் எழுப்பப்பட்டது. 2020 அக்டோபர் 29 அன்று மூவர் அமர்வு 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அந்த இரு தீர்ப்புகளையும் ரத்துசெய்தது. புலனாய்வுக்காக 53-ஆம் பிரிவின் அதிகாரம் பெற்ற அதிகாரிகளும் போலீசாரே என்றது அது. அவர்களிடம் தரும் ஒப்புதல் சாட்சியமாகாது. கூலியாளின் வாக்குமூலத்தில் வந்த பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வேதிப்பொருள் வணிகரைத் தண்டிக்கும் வழி இதனால் அடைபட்டது.

சோதனையும் மாதிரியும்

உடல் சோதனை பற்றிய 50-ஆம் பிரிவு கடத்தல் வழக்குகளில் புகழ்பெற்றது. இடத்தைச் சோதிக்கும் தயாரிப்பு வழக்கில் அதற்கு வேலை குறைவு. அங்கே 42-ஆம் பிரிவே முக்கியம். கிடைத்த தகவலை எழுத வேண்டும்; 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இதை முற்றாக மீறுவது ஏற்கத்தக்கதல்ல, விளக்கத்துடன் கூடிய தாமதம் ஏற்கத்தக்கது என்று கர்னைல் சிங் (2009) வழக்கில் ஐவர் அமர்வு கூறியது.

மாதிரிகளை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று 52ஏ பிரிவை விளக்கியது மோகன்லால் (2016) தீர்ப்பு. தண்டனையின் கடுமையைத் தீர்மானிக்கும் அளவு பற்றிய வாதம் மட்டும் எதிரிக்குப் பாதகமாக முடிந்தது. கலவையில் உள்ள தூய போதைப்பொருளை மட்டும் கணக்கிட வேண்டும் என்ற 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஹீரா சிங் (2020) தீர்ப்பு மாற்றியது; இப்போது முழுக் கலவையின் எடையே கணக்கு. மெத்தாம்ஃபெட்டமைனுக்குக் கடுந்தண்டனைக்குரிய ‘வணிக அளவு’ 50 கிராமே என்பதால், பாதி முடிந்த கலவையும் எளிதில் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

மூலப்பொருள் வழக்குகள்

அசெட்டிக் அன்ஹைட்ரைடு, எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின் போன்றவை மருந்து ஆலைக்கும் தேவை, கள்ளத் தயாரிப்புக்கும் தேவை. இவற்றைக் கட்டுப்படுத்தும் ஆணையை மீறினால் 25ஏ பிரிவின்கீழ் 10 ஆண்டு வரை சிறை. ஆனால் 37-ஆம் பிரிவு பெயரிட்டுச் சொல்லும் பிரிவுகளில் 25ஏ இல்லை. எனவே குற்றச்சாட்டு எந்தப் பிரிவில் நிற்கிறது என்பதே ஜாமீனைத் தீர்மானிக்கிறது. இங்கே எதிர்வாதத்தின் ஆயுதம் காகிதம்: பதிவுச் சான்று, கொள்முதல் ரசீது, சரக்குப் பதிவேடு.

முடிவுரை

நான்கு தளங்களில் எதிர்வாதம் வளர்ந்திருக்கிறது: அனுமானம், வாக்குமூலம், சோதனை நடைமுறை, ஆவணம். வாக்குமூலம் விழுந்த பின் வழக்கின் பாரம் தடய அறிவியல் ஆய்வக அறிக்கைமேல் வந்துள்ளது. அரசு நிபுணரின் அறிக்கை, அவர் கூண்டேறாமலேயே சாட்சியமாகிவிடும். அவரை அழைக்க எதிர்த்தரப்புதான் மனுச் செய்ய வேண்டும். வசதி படைத்தவர் தனி வேதியியல் நிபுணரின் துணையைப் பெறுவார். ஷெட்டில் கூலிக்கு நின்றவருக்கு அது கிட்டாது. இலவச சட்ட உதவியில் வழக்கறிஞருடன் வேதியியல் நிபுணரின் உதவியும் சேர வேண்டும். வணிக அளவுக்குப் பத்தாண்டைக் குறைந்தபட்சமாக விதிக்கும் சட்டத்துக்கு இது சலுகையாகாது. அச்சட்டம் நியாயமாக நடப்பதற்கான நிபந்தனை.